இரண்டாவது ஆடு

காரில் ஏறியதும் அவர் முதலில் செய்வது வலது செருப்பைக் கழற்றுவது. பிறகு அந்தக் காலை மடித்து இருக்கையின் மேல் வைத்துக்கொண்டு, பெல்ட்டை மாட்டி, இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொள்வார். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு, பூஜையில் உட்கார்ந்திருந்தவரை அப்படியே தூக்கிவந்து காரில் கட்டிப்போட்டதைப் போல இருக்கும்.

"கீழ தொங்கவிட்டா அது பிரேக்கத் தேடும் அண்ணாச்சி" என்றார் முதல் நாள். "பக்கத்துல இருக்கவ காலு பிரேக்கத் தேடுச்சுன்னா, ஓட்டுதவருக்குப் புத்தி ரோட்ட விட்டுட்டு எங்காலு மேல வந்துரும்."

அப்படி உட்காருவது பாதுகாப்பில்லை என்பது அவருக்கும் தெரியும். எனக்குத் தெரிந்து அவர் மீறிய விதி அது ஒன்றுதான். ஆனால் விளைவு வேறு மாதிரி ஆயிற்று. நான் ரோட்டையும் பார்க்கவில்லை, கண்ணாடியையும் பார்க்கவில்லை, அந்தக் காலைத்தான் பார்த்தேன். மடிந்த கால் மடிந்தபடி இருந்தால் எல்லாம் சுகம். அது மெல்லப் பிரிந்து கீழே இறங்கினால் நான் எதையோ கோட்டை விட்டுவிட்டேன் என்று அர்த்தம். ‘தப்பு’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதே இல்லை. எல்லாவற்றையும் கால்தான் சொல்லும்.

ஊரில் எல்லோருக்கும் அவர் ‘சிஸ்டர்’. இங்கிலாந்தில் பன்னிரண்டு வருடம் நர்ஸாக இருந்தவர். அம்மா படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டுவிட்டு இலத்தூருக்கு வந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். பெயரை நான் எழுதப்போவதில்லை. மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பெயரை என் வாயில் எடுக்கிற யோக்கியதையை நானே கெடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

என் தொழில் பத்திரம் எழுதுவது. கிழக்கே இன்னார் புஞ்சை, மேற்கே ஓடை, வடக்கே வண்டிப்பாதை, தெற்கே இன்னார் மனை என்று, நிலத்தை ஒருதடவைகூடக் கண்ணால் பார்க்காமல் அதன் நான்கு எல்லைகளையும் எழுதிவிடுவேன். முப்பது வருடமாகத் தென்காசி வட்டாரத்தின் பாதி நிலத்தை இப்படித்தான் நான் அறிந்து வைத்திருக்கிறேன். காரையும் ஏறக்குறைய அதே முறையில் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் குற்றாலத்துக்குப் போகும் வழியில், குத்துக்கல்வலசைப் பக்கம், என் மனைவி வண்டியை நிறுத்தச் சொன்னாள். வாந்தி வருகிறதாக்கும் என்று நிறுத்தினேன். இறங்கினாள். கதவைப் பக்குவமாகச் சாத்தினாள்.

"நீங்க வாங்க. நான் பஸ்ல வாரேன்."

அவள் பஸ்ஸில் போனதில் எனக்கு வருத்தமில்லை. எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, சூடாகப் பஜ்ஜி வாங்கித் தின்றுகொண்டு நின்றாள் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை. அடுத்த வாரமே சிஸ்டரிடம் என் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

"இருபத்தாறு வருசமா லைசென்ஸ் வச்சிருக்கேன் சிஸ்டர்" என்றேன் மிடுக்காக.

"அதான் வேணும் அண்ணாச்சி. லைசென்ஸ் இல்லாதவங்களுக்கு ஊருக்கு நாலு டிரைவிங் ஸ்கூல் இருக்கு. இருக்கவங்களுக்குத்தான் நாதியில்ல."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றரை மணி நேரம். நம் கார், நம் பெட்ரோல். அவர் வந்து பக்கத்தில் உட்காருவார், அதற்கு ஒன்றும் வாங்கிக்கொள்ள மாட்டார். நன்றி என்று பழம் வாங்கிக் கொடுத்தால், ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியை நம் பின்சீட்டிலேயே வைத்துவிடுவார். எதற்காக இப்படி என்று கேட்டேன். இங்கிலாந்தில் அவர் புதிதாக வண்டி ஓட்ட ஆரம்பித்த காலத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வாராவாரம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் சும்மாவே சொல்லிக்கொடுத்தாராம். அந்த ஊரில் இப்படிப் பல பேர் இருக்கிறார்களாம். "அவருக்கு நான் என்ன செய்ய முடியும் சொல்லுங்க? அவரே நல்லா ஓட்டுவாரே" என்றார்.

முதல் ஞாயிறு, அரைமணி நேரம் என்னை என் இஷ்டத்துக்கு ஓட்டவிட்டார். கால் ஒன்பது தடவை இறங்கியது. ஆய்க்குடி தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தச் சொன்னார்.

"அண்ணாச்சி, வாற வழில என்னத்தப் பாத்திய?"

"ரோட்டப் பாத்தேன்."

"ரோட்டுல?"

யோசித்தேன். ஒரு பஸ் ஞாபகம் வந்தது. அதுவும் என்னைத் திட்டிவிட்டுப் போன பஸ் என்பதால்.

அவர் விரல்விட்டு எண்ணாமல், கதை சொல்வது போலச் சொன்னார். ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு கடக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. சைக்கிள்காரர் ஒருவர் பின்னால் திரும்பிப் பார்த்தது. திரும்பிப் பார்க்கிறவன் திரும்பப் போகிறான் என்பது. மரநிழலில் விளக்கில்லாமல் நின்ற டிராக்டர். எல்லாவற்றையும் தாண்டித்தான் நான் வந்திருக்கிறேன். என் காரைத் தவிர அந்த ரோட்டில் எதுவுமே இல்லை என்பது போல.

"இனிமே நான் ஓட்டுதேன். நீங்க கேளுங்க" என்று இடம் மாறிக்கொண்டார்.

அன்றைக்குத்தான் முதலில் அந்தக் குரலைக் கேட்டேன். வண்டி ஓட ஓட, கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். உரக்க இல்லை, வேகமாகவும் இல்லை. வார்டில் ராத்திரி டியூட்டிக்காரர் காலை டியூட்டிக்காரரிடம் நோயாளிகளை ஒப்படைப்பது போல, ஒரே சீராக.

"முன்னால பஸ். பிரேக் லைட்டு எரியுது. ஸ்டாப் வருது, ஆளு எறங்கும், எறங்குன ஆளு பஸ்ஸுக்கு முன்னால தாண்டும். நான் பின்னாலயே நிக்கேன். இடது பக்கம் டீக்கட, பைக்கு ஒண்ணு ஸ்டாண்ட் எடுக்குது. வெயில் முடிஞ்சு நெழல் வருது, நெழலுக்குள்ள எனக்கு ஒண்ணும் தெரியல, அதனால வேகத்தக் கொறைக்கேன். ஆடு ஒண்ணு தாண்டிருச்சு."

ஆடு போய்விட்டது. ரோடு காலி. அவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை, வண்டி ஊர்ந்தது.

"போகலாமே சிஸ்டர், ஆடுதான் போயிருச்சே."

"ஆடு ஒத்தையா வராது அண்ணாச்சி. ரெண்டாவது ஆடு எங்க?"

வேலிக்குள்ளிருந்து அது வந்தது. பின்னால் இரண்டு குட்டிகள்.

சத்தியமாகச் சொல்கிறேன், ஐம்பத்திரண்டு வயதில் யாராவது ஒரு ஆட்டைக் காட்டி என்னை வாயடைக்க வைப்பார்கள் என்று நான் நினைத்ததில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "ஆட்டப் பாத்ததுக்கா இம்புட்டு?" என்றாள். ஆனால் மறுவாரம் என் காரில் ஏறி உட்கார்ந்தாள். பெல்ட் போட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. பிடித்துக்கொண்டால் என்ன, ஏறினாளா இல்லையா?

ஒவ்வொரு ஞாயிறும் முடியும்போது ஒரு சின்ன அட்டையில் ஒரு வரி எழுதிக் கொடுப்பார். முதல் அட்டையில் எழுதியது: ‘ரோட்டைப் பார்க்கிறார். ரோட்டில் இருப்பதைப் பார்க்கவில்லை.’ அந்த அட்டையை நான் இன்ஷூரன்ஸ் காகிதத்தோடு வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்.

நாலு மாதத்தில் நானும் வாய்விட்டுச் சொல்லக் கற்றுக்கொண்டேன். முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சொல்வேன். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து ஆட்டோக்காரன் பார்த்தால் போன் பேசுவது போலக் காதில் கை வைத்துக்கொள்வேன். சிஸ்டருக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. கண்ணாடி இறங்கித்தான் இருக்கும். குற்றாலத்தில் அருவிக்குப் போகும் கூட்டத்துக்கு நடுவில், "வலது பக்கம் தலையில எண்ணெ வச்சுக்கிட்டு மூணு பேரு. எண்ணெ வச்சவன் ரோட்டப் பாக்க மாட்டான், அருவியத்தான் பாப்பான். நான்தான் அவனுக்கும் சேத்துப் பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே போவார். அந்த மூன்று பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவருக்கு அதுவும் நல்லதாய்ப் போயிற்று. "பாருங்க, இப்ப நம்மளப் பாத்துட்டாவ" என்பார்.

அவருக்கு ஒரு ஆசை இருந்தது. எங்களைப் போல ஞாயிற்றுக்கிழமைக் கார்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்து என்ன? சீசனில் ஆயிரம் தடவை அருவிக்கும் ஸ்டாண்டுக்கும் ஓடுகிற வேன்காரர்கள் வரவேண்டும். மாசி முழுக்க, பங்குனி முழுக்க, வீட்டு வேலை முடிந்ததும் வேன் ஸ்டாண்டுக்குப் போய் நின்றார். "எங்களுக்கா சிஸ்டர் ஓட்டப் படிச்சுத் தரப்போறிய?" என்று சிரித்தார்களாம். "இல்ல, ஓட்டத்தான் ஒங்களுக்குத் தெரியும். பாக்கதுக்கு" என்றாராம். ஸ்டாண்டில் மூத்தவரான சுடலைக்கு மட்டும் அது எங்கேயோ தைத்துவிட்டது. கடைசியில் வைகாசியில் ஒருநாள், சீசன் தொடங்கும் முன் ஒரு ஞாயிறு ஆறு பேர் வருவதாக வாக்குக் கொடுத்தார்.

அதைச் சொன்ன அன்று சிஸ்டர் என் காரில் சின்னப் பிள்ளையைப் போல இருந்தார். வழக்கத்துக்கு விரோதமாக ஓடும் வண்டியில் சொந்தக் கதை பேசினார்.

"இது தொத்துவியாதி அண்ணாச்சி. வீட்டுல தனியா இருக்கையிலயும் சொல்லுதேன்னு வச்சுக்கோங்களேன். உள்ள நொழஞ்சதும், முன்னால அடுப்பு, பாலு பொங்கப்போவுது. இடது பக்கம் கட்டிலு. கட்டில்ல அம்மா. முழிச்சிருக்கா. மூச்சு சீரா இருக்கு. இத வாய்விட்டுச் சொன்னாத்தான் எனக்கு அடுத்த வேல ஓடும்." கொஞ்சம் சிரித்தார். "அம்மாவுக்குப் பேச்சு நின்னு ரெண்டு வருசமாச்சு. ஆனா நான் சொல்லையில கண்ண என் பக்கம் திருப்புவா. யாருகிட்டயும் சொன்னதில்ல இத. கிறுக்கச்சின்னு நெனைச்சுராதிய."

"சேச்சே" என்றேன். முன்னால் ஒரு மினி பஸ் வந்தது. அதை நான் வாய்விட்டுச் சொன்னேன். கால் மடிந்தபடியே இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை என் அத்தான் மகன் கல்யாணம். பந்தி முடிந்து, ஆண்கள் கூட்டமாக மண்டபத்துப் பின்பக்கம் நாற்காலிகளை இழுத்துப்போட்டு உட்கார்ந்தபோது வழக்கமான குரல் எழுந்தது.

"வேய் பத்திரக்காரரே, ஒண்ண எடுத்து விடும். வயிறு செமிக்கட்டும்."

நாலு பேரைப் போலப் பேசி நடித்துக் காட்டுவேன், எங்கள் சொந்தத்தில் என்னை மதிக்கிற இடம் அது ஒன்றுதான். மற்ற நேரங்களில் பட்டாவில் சிக்கல் வந்தால்தான் கூப்பிடுவார்கள். பேசிச் சிரிக்க வைக்கிறவனுக்குக் கைதட்டல் கேட்டால் கண் அவிந்துவிடும். எழுந்து நின்றேன். ஒரு நாற்காலியில் காலை மடித்து உட்கார்ந்தேன். அந்தச் சீரான குரலைக் கொண்டுவந்தேன்.

"முன்னால பந்தி. இடது பக்கம் சாம்பார் வாளி, வேகமா வருது, நிக்காது. வலது பக்கம் சம்மந்தி, மொகம் செவந்திருக்கு, எப்ப வேணா திரும்புவாரு. பின்னால பாயசம், முந்தப் பாக்குது, விட்டுக் கொடுக்கேன்."

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. ஒரு மாமாவுக்குப் புரையேறி முதுகில் தட்டினார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கூட்டம் சிரிக்கும்போது நிறுத்தத் தெரிந்தவனைத்தான் நகைச்சுவை உணர்வுள்ளவன் என்பார்கள். எனக்கிருந்தது வேகம் மட்டும்தான்.

"இப்ப வீட்டுக்குள்ள வாறேன். முன்னால அடுப்பு, பாலு பொங்கப்போவுது. இடது பக்கம் கட்டிலு. கட்டில்ல அம்மா. அசைவில்ல. ஹார்ன் அடிக்கேன்."

அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள். யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தது கண்ணில் பட்டது. பட்டதைப் பார்த்தேன் என்று இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு அதற்கு மேலும் ஒரு தடவை ஹார்ன் அடித்துக் காட்டினேன்.

ஞாயிறு காலை குத்துக்கல்வலசையில் வீட்டுமனை போட்டிருந்த காலி இடத்தில் சிஸ்டர் ஆறு அட்டைகளோடு நின்றார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். ‘இவரே கற்றுக்கொண்டார் என்றால் யாரும் கற்றுக்கொள்ளலாம்’ என்று காட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டுமல்லவா. அரைமணி நேரம் கழித்து ஒரே ஒரு பைக் வந்தது. சுடலை. வண்டியை விட்டு இறங்கவில்லை, காலை ஊன்றிக்கொண்டே பேசினார்.

"தப்பா நெனைக்காதிய சிஸ்டர். பயலுவ வர மாட்டேங்கானுவ."

"ஏன் சுடலண்ணன்?"

"நேத்து சாயங்காலத்துலேருந்து ஸ்டாண்டுல இதான் ஓடுது. எவனாச்சும் வண்டியெடுத்தா, ‘முன்னால அடுப்பு, ஹார்ன் அடிலே’ங்கானுவ. இதுக்குப் பெறகு எவன் ஒங்க பக்கத்துல உக்காந்து வாயத் தொறந்து சொல்லுவான்?"

"எத?"

சுடலை தயங்கினார். பிறகு செல்போனை எடுத்து நீட்டினார். படம் ஒன்றும் தெரியவில்லை, மண்டபத்து விளக்கும் யார் யாரோ முதுகும்தான். குரல் மட்டும் தெளிவாக இருந்தது. என் வாழ்நாளில் என் குரல் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. சிஸ்டர் முழுவதையும் கேட்டார். பிறகு இரண்டாவது தடவையும் கேட்டார். நான் என் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாத்தான் பேசுதாவ" என்றார். "கட்டிலு இடது பக்கம்னு கூடச் சரியாச் சொல்லிட்டாவளே."

"எவன்னு தெரியல சிஸ்டர். பேரச் சொல்ல மாட்டேங்கானுவ. வெளங்காத பய. படுத்துக் கெடக்க ஆத்தாள வச்சா சிரிப்பாணி காட்டுவான்?" சுடலை என் பக்கம் திரும்பினார். "என்ன அண்ணாச்சி, நான் சொல்லுதது?"

"ஆமா" என்றேன். "வெளங்காத பயதான்."

என்னைப் பற்றி நான் பொதுவில் சொன்ன உண்மைகள் மிகக் குறைவு. அதில் இது ஒன்று.

சுடலை போனபின் சிஸ்டர் ஆறு அட்டைகளையும் ரப்பர் போட்டுக் கைப்பையில் வைத்தார். "வாங்க அண்ணாச்சி, வந்ததுக்கு நீங்களாச்சும் ஓட்டுங்க." ஏறினார், செருப்பைக் கழற்றினார், காலை மடித்தார். அன்றைக்கு நான் ஓட்டியதைப் போல அதற்கு முன்னும் பின்னும் ஓட்டியதில்லை. குற்றவாளிகள் எல்லோரும் நன்றாகத்தான் ஓட்டுவார்கள் போலிருக்கிறது. கால் ஒரு தடவைகூட இறங்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

சாயங்காலம் என் மனைவியின் போனுக்கும் அது வந்து சேர்ந்தது. எந்த வேஷத்திலும் என் குரல் அவளுக்குத் தெரியும். முழுவதும் கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"கட்டிலு விசயம் ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"சிஸ்டர்தான்."

"ஒங்ககிட்ட மட்டுமா?"

"எல்லார்கிட்டயும் சொல்லியிருப்பாவ."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் நன்றாகத் தெரியுமே, யாரிடமும் சொன்னதில்லை என்று அவர் சொன்னது. அப்போதுதான், காலையில் அவர் சொன்ன ‘சரியாச் சொல்லிட்டாவளே’ என்பது ஒரு கூரிய ஊசியைப் போல, பன்னிரண்டு மணி நேரம் கழித்து உள்ளே இறங்கியது. வலிக்காமல் ஊசி போடுகிறவர் அவர்.

"நீங்களே போயிச் சொல்லிருங்க" என்றாள் மனைவி. "நான் சொல்ல மாட்டேன். கேக்கவும் மாட்டேன்."

அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று இருந்தேன். சிஸ்டர் வழக்கம்போல வந்தார். ஒரே ஒரு மாற்றம். காரில் ஏறியதும் அவர் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டார். ஓட்டிக் காட்டவேண்டிய இடத்தில், "நீங்களே சொல்லிக்கிட்டு ஓட்டுங்க அண்ணாச்சி, எனக்குத் தொண்ட சரியில்ல" என்றார். அதன் பிறகு எல்லா ஞாயிறும் அவருக்குத் தொண்டை சரியில்லை. அந்தக் குரலை ஊர் முழுவதும் பள்ளிக்கூடப் பையன்கள் வரை பேசிக்கொண்டு திரிந்தார்கள். அதன் சொந்தக்காரர் மட்டும் பேசுவதை நிறுத்திவிட்டார். புதிதாகச் சேர வருகிறவர்களும் குறைந்தார்கள். வந்த ஒன்றிரண்டு பேர், வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்றதும் சிரித்தார்கள்.

சீசன் வந்தது. சாரல் விழுந்த ஒரு காலையில் ஐந்தருவி ரோட்டில் ஒரு வேன் பின்னால் வரும்போது, தலை நிறைய எண்ணெயோடு அருவியைப் பார்த்துக்கொண்டே போன ஒரு அம்மாளை இடித்து, அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. சுடலை டீக்கடையில் வைத்துச் சொன்னார். "வாறேன்னு சொன்ன ஆறு பேருல அந்த வேன்காரனும் ஒருத்தன் அண்ணாச்சி." அன்று அவன் வந்திருந்தால் இது நடந்திருக்காது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. பத்திரக்காரனான நானே அப்படி ஒரு வாசகத்தை எழுத மாட்டேன். ஆனால் அந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை.

ஆவணியில் சிஸ்டரின் அம்மா இறந்துபோனார். துட்டி கேட்க நானும் மனைவியும் இலத்தூர் போனோம். உள்ளே நுழைந்ததும் முன்னால் அடுப்படி தெரிந்தது. இடது பக்கம் கட்டில், மெத்தை சுருட்டி வைக்கப்பட்டு. எதையும் பார்க்காதவனான நான் அந்த வீட்டில் எல்லாவற்றையும் பார்த்தேன். மனைவி என் கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டு, பெண்கள் பக்கம் போனாள். சிஸ்டர் எதிரே வந்து நின்றார். இதுதான் நேரம். வாயைத் திறந்தேன்.

"என்ன வயசு அம்மாவுக்கு?"

"எழுவத்தொம்பது."

"நல்ல வயசுதான்" என்றேன். முப்பது வருடம் எழுத்தை வைத்துப் பிழைத்தவன் கண்டெடுத்த வார்த்தைகள் இவை.

"நீங்க ஞாயித்துக்கெழம ஓட்டத்த விட்டுராதிய அண்ணாச்சி" என்றார் அவர். "இன்னும் கொஞ்சந்தான் பாக்கி இருக்கு ஒங்களுக்கு."

ஐப்பசிக் கடைசியில் அவர் இங்கிலாந்துக்கே திரும்பிப் போவதாக முடிவாயிற்று. பழைய ஆஸ்பத்திரியில் கூப்பிடுகிறார்களாம். போவதற்கு முந்தின ஞாயிறு என் கடைசி ஓட்டம். தென்காசியில் தொடங்கி, குற்றாலம் சுற்றி, செங்கோட்டை வழியாக இலத்தூரில் அவரை இறக்கிவிட வேண்டும். முழுவதும் நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும்.

சொன்னேன். பஸ்ஸைச் சொன்னேன், பஸ்ஸிலிருந்து இறங்கப்போகிற ஆளைச் சொன்னேன். மழை விட்ட ரோட்டின் வழுக்கலைச் சொன்னேன். பலாப்பழக்காரர் குனிவதையும், குனிந்தவர் பின்வாக்கில் நிமிர்வார் என்பதையும் சொன்னேன். ஏற்றியிருந்த கண்ணாடியைச் செங்கோட்டை தாண்டியதும் அவரே இறக்கிவிட்டார். காற்று வந்தது. கால் மடிந்தே இருந்தது. இலத்தூருக்கு முன்னால் இரண்டு பக்கமும் வயல். ஒரு ஆளில்லை, ஒரு வண்டியில்லை. கண்ணுக்கெட்டும் வரை ரோடு காலி.

"எல்லாத்தையும் சொல்லிட்டியளா அண்ணாச்சி?" என்றார்.

"சொல்லிட்டேன்னுதான் நெனைக்கேன்."

"எதையும் விட்டுரலியே?"

அவர் என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைத்தான் பார்த்தார். எனக்கு எல்லாம் தெரிந்தது. அவருக்குத் தெரியும் என்பது தெரிந்தது. வைகாசியிலிருந்து தெரிந்துகொண்டேதான் வாராவாரம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் தெரிந்தது. ஒரே ஒரு வாக்கியம். ‘அது நான்தான் சிஸ்டர்.’ நாக்கு நுனிவரை வந்தது.

"இடது பக்கம் ஒரு பாலம்" என்றேன். "சின்னப் பாலம்."

மடிந்திருந்த கால் மெல்லப் பிரிந்தது. கீழே இறங்கி, செருப்பில்லாத வெறும் பாதம், இல்லாத பிரேக்கைத் தேடி அழுந்தியது.

நான் பதறிப்போய் நிஜப் பிரேக்கை மிதித்தேன். வண்டி நடுரோட்டில் குலுங்கி நின்றது.

"எதுக்கு நிறுத்துனிய? ரோடு காலியாத்தான கெடக்கு."

"ஒரு ஆடு…" என்றேன். "தாண்டுன மாதிரி இருந்துச்சு."

"அப்படியா" என்றார். வயல் பக்கம் பார்த்தார். அறுப்பு முடிந்த வயல். ஆடு ஒளிய ஒரு வேலிகூட இல்லை.

அங்கேயே அட்டையை எடுத்தார். மடியில் வைத்து எழுதி, மையை ஊதி, என்னிடம் நீட்டினார். ‘நன்றாகப் பார்க்கிறார். பார்த்ததைச் சொல்ல இன்னும் பழக வேண்டும்.’ பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பெல்ட்டை விடுவித்தார்.

"வீடு இன்னும் தள்ளி இருக்கே சிஸ்டர்."

"பக்கந்தான். நடந்து போறேன்."

மனைவி அன்றைக்கு இறங்கியதைப் போலவே, கதவைப் பக்குவமாகச் சாத்தினார். இறங்கியிருந்த கண்ணாடி வழியாகக் குனிந்தார்.

"மதினியக் கேட்டதாச் சொல்லுங்க. நீங்க பைய போங்க அண்ணாச்சி. ஆடு ஒத்தையா வராது."

அவர் ரோட்டோரமாக, எதிரே வரும் வண்டிக்கு முகம் காட்டி, வலது பக்கமாகவே நடந்து போனார். நான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் வந்த டிராக்டர்க்காரன் ஹார்ன் அடித்தான். மறுபடியும் அடித்தான். பக்கத்தில் வந்து, "என்ன அண்ணாச்சி, முன்னால ரோடு காலியாத்தான இருக்கு, எதுக்கு நிக்கிய?" என்று கத்தினான்.

"நீ போப்பா" என்று கையைக் காட்டினேன்.